ஊர் சாட்சி

“ஊரே உக்காந்து சாப்பிட்ட கல்யாணம் கண்ணு. இப்ப அதுக்குச் சட்டம் இல்லேங்கறாங்களே?”

கொல்லிமலைச் செம்மேட்டில் சாமை புடைத்துக்கொண்டே ஓர் அக்கா என்னிடம் கேட்டார். கணவர் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். வழக்குப் போடலாமா என்று கீழ்நாட்டில் விசாரித்தபோது, “எந்தச் சட்டப்படி நடந்த கல்யாணம்?” என்று கேட்டார்களாம்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. கொல்லிமலையின் மலையாளிகள் பட்டியல் பழங்குடிகள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவு அந்தக் குறையைத் தீர்த்தது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்றது. ஆனால் அதுவும் அதே சட்டத்துக்குள் இருப்பதால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வரவில்லை. மலைக்கு வழக்காறே சட்டம்.

பழங்குடி வழக்காற்றைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் யாருடைய வழக்காறு? 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுப்பில், கொல்லிமலைப் பெண் கணவனை விட்டுத் தன் இனத்திலேயே வேறொருவனோடு வாழலாம் என்ற குறிப்பு இருக்கிறது. படித்ததும் எனக்கு மகிழ்ச்சி. அடுத்த வரியில், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் கணவனுக்கே உரியவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் தோற்றக்கதையிலும் ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. மனைவியருக்குச் சாதி மட்டும்தான்.

இதன் விலை 2001இல் தெரிந்தது. கணவனின் இரண்டாம் திருமணத்தை எதிர்த்து ஓராவோன் பழங்குடிப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இருதார மணத்தைத் தடுக்கும் வழக்காறு தங்களுக்கு உண்டு என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். வழக்காற்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

திருமண வயது மட்டும் மலைக்கும் ஒன்றே: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு பதிவுச் சட்டமும் எல்லாருக்கும் பொது. திருமணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் வேண்டும். பதிவு மட்டுமே திருமணத்தைச் செல்லுபடியாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கைவிடப்பட்ட பெண்ணுக்கு அது பலமான சான்று. அக்காவின் கல்யாணம் இந்தச் சட்டத்துக்கு முந்தையது.

ஜீவனாம்சத்துக்குச் சாதி, மதம், இனம் தடையில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உண்டு என்றேன். கணவன் மனைவியாக வாழ்ந்ததைக் காட்ட ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். பழைய ரேஷன் கார்டோடு வந்தார். அவர் பெயருக்கு நேரே ‘மனைவி’ என்றிருந்தது.

“இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க அக்கா,” என்றேன்.