பழைய படங்களில் நிற்கும் ஊர்திகள்

நம் மூத்தோரின் புகைப்படங்கள் பலவற்றில் ஆண்டுக் குறிப்பு இல்லை. இருப்பவற்றிலும் சில, பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதப்பட்டவையே. அத்தகைய படங்களின் ஓரத்தில் நிற்கும் ஊர்தி நல்லதொரு சாட்சி.

1950ஆம் ஆண்டுத் திருமணம் என எழுதப்பட்ட படத்தில் மணமகன் அமர்ந்திருப்பது அம்பாசிடர் காராயின், அக்குறிப்பு பிழையே. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றிய அவ்வூர்தி, வங்காளத்தின் உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில்தான் உருவாகத் தொடங்கியது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்ததோ 1961இல்.

புல்லட் மோட்டார் சைக்கிளை இவ்வளவு எளிதாக நம்பிவிட இயலாது. சென்னையில் அதன் தயாரிப்பு 1955இல் தொடங்கியது. ஆயின் அதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாகி நம் சாலைகளில் ஓடியது.

மேலும், ஊர்தி கூறுவது ‘இதற்கு முந்தியதன்று’ என்பதை மட்டுமே. எப்போது வரை என்பதை அது கூறாது. அம்பாசிடர், பெரிய உருமாற்றமின்றி 2014 வரை உற்பத்தியாயிற்றே! எண் பலகையில் டி.என். எழுத்துகளை அடுத்து ஈரிலக்க மாவட்ட எண் இருப்பின், படம் 1989க்குப் பிற்பட்டது.

ஸ்டீயரிங் இடப்புறம் தெரிந்தால், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம்; எண் பலகையின் எழுத்துகளும் இடவலம் மாறியுள்ளனவா எனக் காண்க. வளைகுடா நாட்டில் எடுத்த படமாயின், இடப்புற ஸ்டீயரிங்கே அங்கு இயல்பு.