ஒலிவாங்கியும் ஓசையற்ற மின்சாரமும்

ஹைதராபாத்தில் வாழும் தமிழ் அன்பர்கள் அபிட்ஸ் கடைவீதிக்குப் பலமுறை சென்றிருப்பார்கள். அதன் அருகே சிராக் அலி சந்து என்றொரு தெரு இருக்கிறது. அந்நகரின் வானொலிச் சரித்திரம் அங்கேதான் தொடங்கியது. 1930-களின் முற்பகுதியில் மெஹபூப் அலி என்பவர் 200 வாட் சக்தியுள்ள ஒலிபரப்பி ஒன்றை அத்தெருவில் நடத்தி வந்தார். அரசாங்கம் தொடங்கிய முயற்சியன்று அது. தனி மனிதர் ஒருவரின் ஆர்வத்தில் பிறந்தது. 1935-ஆம் ஆண்டில் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. டெக்கான் ரேடியோ என்னும் பெயரில் அந்நிலையம் வளர்ந்தது.

நம் சென்னையின் கதையும் இத்தகையதே. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கழகம் அமைந்தது. 40 வாட் சக்தியுள்ள சிறு கருவியைக் கொண்டு அது ஒலிபரப்பியது. 1927-இல் பணமுடையால் கழகம் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. 1938-இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. ஆர்வலர் விதைத்ததை அரசு அறுவடை செய்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இம்முன்னோடிகள் அனைவரையும் வாட்டிய கேள்வி ஒன்றே. மனிதக் குரலை எவ்வாறு தூய்மையாகப் பெருக்குவது? ஒலிவாங்கியின்முன் ஒருவர் பேசும்போது அதிலிருந்து பிறக்கும் மின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனைச் சுமார் ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் அடுத்த கருவிக்குப் பயன்படும். இவ்வேலையைச் செய்வதே முன்பெருக்கி. அதன் வாயிலில் குரலோடு எது நுழைந்தாலும் அதுவும் ஆயிரம் மடங்கு பெருகிவிடும். நல்லதும் கெட்டதும் அதற்கு ஒன்றே.

அங்ஙனம் நுழையும் பகைவர்களுள் முதன்மையானது மின்சாரமே. பழைய வால்வுகளின் இழையைச் சூடாக்க ஒரு மின்னோட்டமும், தகட்டுக்கு உயர்ந்த அழுத்தமும் வேண்டும். நம் வீட்டு மின்சாரமோ வினாடிக்கு 50 சுற்றுகளாக அலைவது. அது இழையிலிருந்து ஒலிக்குள் கசிந்தால் வண்டு முரல்வது போன்ற இரைச்சல் எழும். அதனாலேயே ஆதி நாட்களில் ஒலிபரப்பாளர்கள் பேட்டரிகளை நம்பினார்கள். 1920-களின் பிற்பகுதியில் மறைமுகமாகச் சூடேறும் வால்வுகள் பரவிய பின்னரே மெயின்ஸ் மின்சாரம் அவ்விடத்தைப் பிடித்தது.

ஒரு மில்லிவோல்ட்டின் பெருமையை ஹைதராபாத் 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று கண்டது. இந்தியப் படை நகரை நெருங்கியிருந்த அவ்வேளையில், தம் அமைச்சரவை பதவி விலகியதை நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் வானொலி வாயிலாக அறிவித்தார். ஓர் அரசின் முடிவு மெல்லிய மின் அதிர்வாகப் பிறந்து, வால்வுகளின் வழியே பெருகி, குடிமக்களின் செவியை எட்டியது. 1950 ஏப்ரல் முதல் நாள் டெக்கான் ரேடியோ அகில இந்திய வானொலியோடு இணைந்தது.

இன்று அந்தப் பழைய பாணி முன்பெருக்கிகளைத் தம் கையாலேயே செய்ய விரும்பும் இளைஞர் பலர். கோட்டிப் பகுதியின் குஜராத்தி கல்லியிலும், சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிப் பாகங்களைத் தேடுகிறார்கள். அவர்கள் வால்வைத் தேர்வதில் காட்டும் கவனத்தை மின்வழங்கியிலும் காட்டுதல் வேண்டும். டிரான்ஸ்பார்மரைத் தனிப் பெட்டியில், முன்பெருக்கிக்குத் தொலைவில் வைப்பது நன்று. முழு அலைத் திருத்தியிலிருந்து வரும் மின்சாரத்தில் வினாடிக்கு 100 அதிர்வுகள் எஞ்சும். கண்டென்ஸர், சோக், மீண்டும் கண்டென்ஸர் என்ற வரிசை அவற்றை அடக்கும். முதல் வால்வின் 6.3 வோல்ட் இழைக்கு நேர்மின்னோட்டம் தந்தால் முரலல் பெரிதும் குறையும். மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்கள் உயர் அதிர்வெண் இரைச்சலைச் சேர்க்கக்கூடும். தக்க வடிகட்டியின்றி அவற்றை இணைக்கலாகாது. கண்டென்ஸர் வகை ஒலிவாங்கிக்கு 48 வோல்ட் தனியே வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. வால்வுக் கருவியின் தகட்டு மின்னழுத்தம் 250 வோல்ட் அளவு இருக்கும். சுவிட்சை அணைத்த பின்னும் கண்டென்ஸர்களில் அது தங்கி உயிரைப் பறிக்கவல்லது. அதனை வடித்துவிடும் மின்தடையை முதலிலேயே பொருத்துக. இரைச்சலை நிறுத்துவதற்காகப் பூமி இணைப்பை ஒருபோதும் துண்டிக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் அருகிருக்க வேலை செய்வதே அறிவுடைமை.

பிற மாநிலத்தில் வாழும் நமக்குத் தாய்மொழிக் குரலைப் பதிந்து வைப்பது வெறும் பொழுதுபோக்கன்று. பாட்டியின் தாலாட்டும், பேரன் பேசும் தமிழும் நாளைக்கு வேண்டும். அக்குரலைச் சுமக்கும் மின்சாரம் தான் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். சிராக் அலி சந்தின் ஆர்வலர் காலத்திலிருந்து இன்றுவரை நல்ல ஒலிக்கு அதுவே அடித்தளம்.