வயலை ஏற்றி வந்த வள்ளம்

கேரளத்தின் குட்டநாட்டில் தாழ்ந்த வயலில் நிற்பவர் அண்ணாந்தால்தான் படகு தெரியும். அங்கே நெல்வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே 0.6 முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கின்றன. வரம்புக்கு அப்பால், ஆழமான இடங்களில் ஆள் தலைக்கு மேலே, வேம்பநாட்டுக் காயலின் நீர் நிற்கிறது. அறுத்த நெல்லைச் சுமந்து மேடேறித்தான் வள்ளத்தில் சேர்க்க வேண்டும்.

கயிற்றால் தைத்த அந்தக் கெட்டுவள்ளத்தை இன்று பலரும் ஆலப்புழையின் சுற்றுலாப் படகாகவே அறிவார்கள். அந்த வேடம் 1990-களில் வந்தது. அதற்கு முன் அது உழவின் வாகனம். அயினிப் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, துளையிட்டு, தேங்காய் நாரைத் திணித்து, கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். ஆணி கிடையாது. தையல் தளர்ந்தால் பிரித்து மறுபடி தைக்கலாம். ஒரு பலகை உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம். பெரிய வள்ளங்கள் 30 டன் வரை நெல் ஏற்றிக் கொச்சிக்குப் போயின. அடி தட்டையாக இருப்பதால் அத்தனை பாரத்தோடும் தோடுகள் எனும் ஆழமற்ற கால்வாய்களில் நுழைய முடிந்தது. நீர் வற்றினால் சேற்றில் சாயாமல் அமர்ந்துகொள்ளவும் முடிந்தது. தோட்டில் கழி ஊன்றுவார்கள், அகன்ற காயலில் பாய் விரிப்பார்கள்.

நெல் சுமந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வள்ளங்கள் மண் சுமந்த கதையைத்தான் நான் முதலில் வைப்பேன். காயலை வயலாக்க, நீருக்குள் தென்னங்குற்றிகளை வரிசையாக அறைந்து, மூங்கில் தட்டி கட்டி, நடுவே மணலும் தழையும் களிமண்ணும் நிரப்பி வரம்பு எழுப்பினார்கள். களிமண் காயலின் அடியில் இருந்தது. தொழிலாளர்கள் மூழ்கி, கட்டி கட்டியாகப் பெயர்த்து மேலே கொண்டுவந்து வள்ளத்தை நிறைத்தார்கள். அவர்களில் மிகப் பலர் புலையர்கள். தாங்கள் உண்டாக்கிய நிலத்தில் அவர்களுக்குக் கூலி மட்டுமே கிடைத்தது. அந்த வாழ்வைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1948-இல் 'ரண்டிடங்ஙழி' நாவலாக்கினார். இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில் ஜோசப் முரிக்கன் காயலிலிருந்து மீட்ட சித்திரை, மார்த்தாண்டம், ராணி நிலங்களைப் பேசும்போது முதலாளியின் துணிவு நினைவுகூரப்படுகிறது. மூழ்கியவரின் மூச்சுக்கும் அந்த வரலாற்றில் இடம் வேண்டும். வரம்பு ஆண்டுதோறும் கரையும். ஆண்டுதோறும் வள்ளம் மண்ணோடு திரும்பி வரவேண்டும். ஆகவே வயலை ஒருமுறை ஆக்கியதோடு படகின் வேலை முடியவில்லை.

கடல்மட்டத்துக்குக் கீழான இவ்வேளாண்மையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபாக ஏற்றது. அந்தப் பெருமையில் தையல் தெரிந்த தச்சர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் இருக்கும்போதே பலகையின் அளவும் முடிச்சின் முறையும் பதிவாக வேண்டும்.

சாலை வந்த பிறகு நெல்லின் நெடும்பயணம் லாரிக்குப் போயிற்று. ஆனால் பாடசேகரங்கள் எனும் உட்புற வயல்தொகுதிகளின் வரம்பு லாரியைத் தாங்காது. அறுவடை இயந்திரமே ஜங்கார் எனும் மிதவைப் படகில் ஏறித்தான் அங்கே வருகிறது. அது அறுத்த நெல் மூட்டையாகி, சாலை தொடங்கும் கடவு வரை இன்னமும் வள்ளத்தில்தான் போகிறது.