கடைக்காரர் மகன்

மலாக்கா நகரில் வியாபாரம் செய்கிறவர்கள் ஜாலான் முன்ஷி அப்துல்லாவில் கால் வைக்காமல் ஒரு வாரத்தைக் கழிக்க முடியாது. எங்கள் அத்தா சரக்கு எடுக்க வேனை அந்தச் சாலையில் திருப்பும்போதெல்லாம், "நம்ம கடைக்காரர் மகன் ரோடு வந்திருச்சு" என்பார்கள். சிறு வயதில் நாங்கள் இதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தோம். பள்ளியில் நாங்கள் படித்த முன்ஷி அப்துல்லா, நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. தேர்வில் ஒரு வரி எழுதினால் போதும். அவருக்கும் ஒரு தந்தை இருந்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அத்தா வஃபாத்தாகி இது மூன்றாம் ஆண்டு. பொன்விழா மலருக்கு அத்தாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்டபோது, முன்ஷியின் தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா'வை மலாயில் எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் படித்தோம். அத்தா சொன்னது வேடிக்கை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் எங்கள் அத்தாவிடம் வருமுன் அந்தப் பழைய அத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

மலாக்காவின் பெரிய வரலாறுகளில் நம்மவர்கள் இல்லாமல் இல்லை. சுல்தான் காலத்துப் பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர்தான். 1510-இல் கொல்லப்பட்ட அவர் கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். கடைக்காரர்கள் வருவதில்லை. மகன் பேனா பிடித்ததால் வந்த ஒருவர்தான் அப்துல் காதிர்.

அவர்கள் குடும்பம் நாகூர் வழி. ஏமனிலிருந்து வந்த அரபி ஒருவர் நாகூரில் மணமுடித்தார். அவருடைய பிள்ளைகள் கிழக்குத் தீவுகளுக்குப் பிரிந்து போனார்கள். அவர்களில் முகம்மது இப்ராஹிம் என்பவர் மலாக்காவுக்கு வந்து பெரி ஆச்சி என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே போதும், எந்த ஊர்ப் பேச்சு என்று நமக்குத் தெரிந்துவிடும். பெரி ஆச்சி கம்போங் பாலியில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். அவர் மகன்தான் அப்துல் காதிர். அப்துல் காதிரின் மகன் அப்துல்லா பிறந்தது 1796-இல். டச்சுக்காரர்களிடமிருந்து மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்த மறு வருடம்.

அப்துல் காதிர் உள்நாட்டுக் கிராமங்களுக்கு வியாபாரத்துக்குப் போனார். போன இடத்தில் சரக்கை விற்றுவிட்டுத் திரும்பியவர் இல்லை. தங்கி, அங்கிருந்தவர்களுக்குத் தொழுகையும் ஓதலும் சொல்லிக்கொடுத்தார். ஊரார் அவரை விரும்பினார்கள் என்று மகன் எழுதுகிறார். மலாயில் கடிதமும் பத்திரமும் எழுதுவதிலும் அவருக்குப் பெயர் இருந்தது. மலாய் அகராதி எழுதிய மார்ஸ்டன் என்ற ஆங்கிலேயருக்கு மலாய் கற்பித்தவரே தம் தந்தைதான் என்று அப்துல்லா பெருமையோடு சொல்கிறார்.

எங்களை நிறுத்தி வைத்தது அதற்குப் பின் வரும் ஒரு செய்தி. குர்ஆன் ஓதி முடித்த மகனை அப்துல் காதிர் தமிழ் படிக்க அனுப்புகிறார். ஏறக்குறைய இரண்டரை வருடம். காரணமும் புத்தகத்திலேயே இருக்கிறது. மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் தமிழ் படிப்பது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கமாம். கணக்குப் பார்க்கவும் எழுதவும் தமிழ் வேண்டும். துறைமுகம் நிறையத் தமிழ் வியாபாரிகள் இருந்தார்கள், அவர்களோடு பேசவும் வேண்டும். அப்போது தமிழைக் கிளிங் மொழி என்றார்கள். கலிங்கத்திலிருந்து வந்த சொல். இன்று அந்தச் சொல் நம் காதில் உறுத்தினாலும், 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. எங்கள் அத்தாவின் ஜும்ஆ தொழுகை பெரும்பாலும் அங்கேதான்.

யோசித்துப் பாருங்கள். மலாய் இலக்கியத்துக்குத் தந்தை என்று பெயர் வாங்கியவர், கணக்கு எழுதுவதற்காகத் தமிழ் படித்த பிள்ளை.

அப்துல் காதிர் கண்டிப்பானவர். மகனை முகத்துக்கு நேராகப் புகழமாட்டார். ஒரு நாள் அவர் வீட்டில் இல்லாத நேரம் ஒரு கப்பல் நகுதா கடன் பத்திரம் எழுத வருகிறார். அவரைக் காக்க வைக்காமல் சிறுவன் அப்துல்லாவே எழுதிவிடுகிறான். தந்தை வந்து வாங்கிப் பார்க்கிறார், தப்பு இல்லை. மகனிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை இன்றுதான் பிறந்தது போல் இருக்கிறது என்ற பொருளில் மனைவியிடம் பூரித்துப் பேசியிருக்கிறார். பிறகு எழுத்து வேலைகளையெல்லாம் மகனிடமே விட்டுவிட்டார். ராபிள்ஸிடம் எழுத்தராகச் சேர்ந்தது, கோட்டைச் சிப்பாய்களுக்கு ஓதிக்கொடுத்து 'முன்ஷி' என்று பெயர் வாங்கியது எல்லாம் பிறகு நடந்தவை. புத்தகம் 1849-இல் சிங்கப்பூரில் அச்சானது. 1854-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் திரும்பி வரவில்லை.

மகனுக்கு வந்த முதல் சோதனை ஒரு கடன் பத்திரம் என்பதை நாங்கள் ஒன்றுக்கு மூன்று முறை படித்தோம். குர்ஆனில் எல்லாவற்றிலும் நீளமான வசனம் சூரா பகராவின் 282-ஆம் வசனம். அது சொல்வது கடனை எழுதி வைப்பது பற்றித்தான். அத்தா இதை அடிக்கடி சொல்வார்கள். "தொழுகைக்கு இல்லாத நீளம், நோன்புக்கு இல்லாத நீளம், கணக்குக்குத்தான் இருக்கு, பாத்துக்கங்க."

இனி எங்கள் அத்தா.

எங்கள் ராதா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஜாசினில் சின்னதாக ஒரு மளிகைக் கடை போட்டவர்கள். அவர்களுக்குப் பின் அத்தா. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்கா மாநிலத்தில் பால்மரத் தோட்டங்கள் பெருகின, தமிழ்ச் சனங்களும் வந்தார்கள். அவர்களை நம்பித்தான் கடை. சம்பள நாளில் அத்தா வேனில் அரிசி, பருப்பு, கருவாடு, கைலி, தேங்காய் எண்ணெய் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார்கள். பள்ளி விடுமுறையில் எங்களில் யாராவது ஒருவர் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து போவோம். லயத்து முனையில் ஹாரன் அடித்தால் பிள்ளைகள் ஓடி வரும்.

கடன் எல்லாம் 555 புத்தகத்தில். நம் நாட்டில் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. முதல் பக்கத்தின் மேலே 786. பிறகு பெயர், தேதி, பற்று, வரவு, எல்லாம் தமிழில். தீபாவளிக்கு முந்தின மாதம் யாரிடமும் பாக்கி கேட்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அம்மாவுக்குக் கூட இதில் வருத்தம் உண்டு. ரமலானில் ஜகாத் கணக்குப் போடும்போது, திரும்பாது என்று தெரிந்த கடனைத் தனியாக எழுதிப் பெருமூச்சு விடுவார்கள். மறுநாள் அதே வீட்டுக்கு மறுபடி அரிசி போகும்.

அத்தா எங்களையும் புகழ்ந்ததில்லை. எங்களில் ஒருவர் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வந்து, கடைக் கணக்கைக் கணினியில் ஏற்றினார். அத்தா திரையைப் பார்த்துவிட்டு, "கரண்டு போனா யாருகிட்ட பாக்கி கேப்பே?" என்றார்கள். அவ்வளவுதான். இரவில் அம்மாவிடம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் அத்தாவுக்குப் பிடிக்காது.

பிறகு தோட்டங்கள் கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பு வந்தது. சனங்கள் டவுனுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பிரிந்து போனார்கள். வேன் ஓட்டம் நின்றது. கடையை நகரத்துக்கு மாற்றினோம். 555 புத்தகங்கள் மட்டும் பிஸ்கட் டின்களில் கூடவே வந்தன.

அத்தா போய் நாற்பது நாள் கழித்து டின்களைத் திறந்தோம். நான்கு டின். அப்போதுதான் எங்கள் குறை வெளிப்பட்டது. எங்களில் மூத்தவர் மட்டும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். மற்ற இரண்டு பேரும் தேசியப் பள்ளி. தமிழ் பேசுவோம், பெயர்ப்பலகை வாசிப்போம், அத்தாவின் அவசரக் கையெழுத்து எங்களுக்குப் பிடிபடவில்லை. அனுப்பினால் போயிருப்போம், அத்தாதான் அனுப்பவில்லை. மலாயும் இங்கிலீஷும் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். இது அத்தா செய்த ஒரு தப்பு என்று எழுத எங்களுக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறோம். அப்துல் காதிர் அந்த விஷயத்தில் எங்கள் அத்தாவை விடக் கெட்டிக்காரர்.

மூத்தவர் வாசிக்க, மற்றவர்கள் எழுதினோம். வார விடுமுறைகளில் நான்கு மாதம் ஆனது. வரவேண்டிய பாக்கியை மூன்று பேரும் கூடிப் பேசி அடித்துவிட்டோம். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதும், விட்டுவிடுவது அதை விட நல்லது என்பதும் அதே சூராவில் இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது. அதற்கு நீண்ட பேச்சு தேவைப்படவில்லை. அத்தா தரவேண்டிய கணக்குத்தான் பெரிய வேலை. சொத்தைப் பிரிக்குமுன் மவுத்தானவரின் கடனை அடைக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாமல் ஒரு வெள்ளி நின்றாலும் அது அத்தாவின் மேல் நிற்கும். மொத்த வியாபாரிகள் இரண்டு பேருக்குப் பாக்கி இருந்தது, கொடுத்தோம். ஒரு தோட்டத்துப் பாட்டி பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த பணம் இருந்தது. அவருடைய பேத்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அந்தப் பெண் முதலில் வாங்க மறுத்தார். கையெழுத்தைக் காட்டிய பிறகு வாங்கிக்கொண்டார்.

இப்போது எங்கள் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை மாலையில் மூத்தவரிடம் தமிழ் படிக்கிறார்கள். இரண்டரை வருடம் தாக்குப்பிடிப்பார்களா என்று தெரியவில்லை. ஒருவன் ஏற்கெனவே பந்து விளையாட ஓடிவிடுகிறான்.

ஒரே ஒரு வரி பாக்கி. கடைசி டின்னில் இருந்த புத்தகத்தில், தேதி போடாத ஒரு பக்கத்தில், "மெர்லிமாவ் பெரியவர், தரணும், 340" என்று இருக்கிறது. எங்கள் சொந்தத்திலும் கடைச் சிநேகிதர்களிடமும் கேட்டுப் பார்த்துவிட்டோம், யாருக்கும் தெரியவில்லை. இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் மெர்லிமாவில் இருந்த பெரியவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாருக்காவது எங்கள் கடையோடு அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நினைவிருந்தால், தயவுசெய்து சங்கத்தில் சொல்லியனுப்புங்கள். பணம் ஓர் உறையில், மேலே 786 எழுதி, கல்லாப்பெட்டியில் இருக்கிறது.