பிடி அரிசியும் சுருக்கிய இரைப்பையும்

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிக்கொண்டிருந்தபோது, நிவாரணப் பணிகளில் மண் சுமந்த கூலிகளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் போதும் என்பது குறித்து இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளிடையே கடுமையான வாதம் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சார்பில் பஞ்சப் பணிகளைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் அதற்கு மேல் சிறிது சில்லறைக் காசும் ஓர் ஆளுக்குப் போதுமென்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாதென்றும் தானியத்தோடு பருப்பும் சேர வேண்டுமென்றும் மீண்டும் மீண்டும் எழுதினார். சில மாதங்களுக்குப் பின் அளவு சற்றே உயர்த்தப்பட்டது. அதற்குள் பலர் மாண்டிருந்தனர். தமிழ்நாட்டில் உணவின் அளவை மருத்துவர் ஒருவர் எண்ணிக்கையாக எழுதிய தொடக்ககாலச் சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று. அன்று அவர் வாதாடியது, உண்ணும் அளவைக் கூட்டுவதற்காக. இன்று அதே அளவைக் குறைக்க மருத்துவர்கள் இரைப்பையையே வெட்டிச் சுருக்குகின்றனர்; அந்த மாற்றத்தை ஒரு வட்டாரத்தின் வழியே பார்க்கலாம்.

அன்றைய இராமநாதபுரம் பகுதியின் மேற்குக் கரிசல் நிலம், அதாவது 1985இல் தனி மாவட்டமான இன்றைய விருதுநகர் வட்டாரம், வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் வரகும் குதிரைவாலியும் அன்றாட உணவாக இருக்க, நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. இந்த நிலத்தில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வணிகராகக் காலூன்றிய நாடார் சமூகத்தார், ‘உறவின்முறை’ என்ற ஊர்ச்சபையையும், வணிகத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கும் ‘மகமை’ என்ற வழக்கத்தையும் உருவாக்கினர். 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளிக்கு வீடுதோறும் பிடி அரிசி சேர்ந்தது: உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பதும், அதைத் திரட்டி விற்றுப் பள்ளியை நடத்துவதும் அதன் முறை. அப்பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சரானபின், 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் மக்கள் கொடையையும் அரசின் பங்கையும் சேர்த்தே நடந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாயாகவும், 2011 ஜூன் முதல் அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமலும் கிடைத்தது. கல்வியானாலும் பசியானாலும், இந்த வட்டாரத்திலும் மாநிலத்திலும் அதைப் பொதுக் காரியமாக எண்ணித் தீர்வு தேடிய வழக்கம் இருந்தது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

உழைப்பின் தன்மை மாறிய கதை வேறு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்ட 1940களில் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலிருந்தே போகிறது. களை பறிப்பதும் கிணறு வெட்டுவதும் தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பதும் தெரிந்த உடல்கள், தீக்குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சரம் பின்னுவதற்கும் நாள் முழுதும் சம்மணமிட்டு உட்காரத் தொடங்கின. கூலி எண்ணிக்கைக்குத்தான் என்பதால் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கைக்காசு இழப்பாயிற்று. உழைப்பு குறைந்துவிடவில்லை, கையும் கண்ணும் களைத்தன, காலும் இடுப்பும் அசையவில்லை. ஆலைப் பேருந்து ஊர் வாசலுக்கே வந்தபின் நடையும் போயிற்று.

உணவும் அதே காலத்தில் மாறியது. விருதுநகர் எண்ணெய், பருப்பு, மிளகாய், மல்லி ஆகியவற்றின் பெருஞ்சந்தை. சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஊர்ப்பெயரோடு ஒட்டிப்போனவை. பர்மாவிலிருந்து போர்க்காலத்திலும் பிறகு 1960களிலும் தமிழர் பெருந்தொகையாகத் திரும்பி வந்ததன் நினைவு, விருதுநகரின் புகழ்பெற்ற பர்மா கடையின் பெயரிலும் நிற்கிறது. கல்லில் சுடுவதற்குப் பதில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் எண்ணெய்ப் பரோட்டா அவ்வூரின் அடையாளமாகிவிட்டது. அதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, ஆனால் நியாயமன்று; கம்பும் குதிரைவாலியும் விலகிய இடத்தை மூன்று வேளையும் நிரப்பிய தீட்டிய வெள்ளை அரிசியும், வேலைக்கிடையில் பலமுறை அருந்தும் சர்க்கரைத் தேநீரும், பரோட்டாவைக் காட்டிலும் சத்தமின்றி வேலை செய்தன.

பட்டினி கண்ட பரம்பரையில் கொழுப்பு வேறு விதமாகப் படிகிறது என்ற கருத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தும் ஒப்பீட்டளவில் கொழுப்பு மிகுந்தவையாக இருப்பதைக் காட்டி, மெலிந்து தோன்றும் உடலுக்குள் கொழுப்பு மறைந்திருக்கும் நிலையை விளக்கினார். வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேரும் இக்கொழுப்பு, மேலைநாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவைக் கொண்டுவந்துவிடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள் 2015–16இல் நூற்றுக்கு 30.9 பேர்; 2019–21இல் 40.4 பேர். அதே பிந்தைய ஆய்வு, பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதையும் பதிவுசெய்தது. மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே மாநிலத்தில், பல வேளைகளில் ஒரே உடலில் குடியிருக்கின்றன என்பது பின்வரும் மருத்துவக் கதைக்கு இன்றியமையாத செய்தி.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1954இல் மினசோட்டாவில் கிரெமனும் துணைவரும் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவைச் செலுத்தும் முறையை விவரித்தனர். எடை குறைந்தது, ஆனால் கல்லீரல் பழுது, சிறுநீரகக் கல், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை தொடர்ந்ததால் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1960களின் நடுவில் அயோவாவின் எட்வர்டு மேசன், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ முறையை உருவாக்கினார். இன்று இந்தியாவில் மிகுதியாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறை வேறு: இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி அகற்றி, மீதியைக் குறுகிய குழாயாக்குவது. அகற்றப்படும் பகுதியே பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீரை மிகுதியாகச் சுரப்பதால், கொள்ளளவோடு பசியும் குறைகிறது. எனினும் அந்தக் குறைவு எல்லோருக்கும் நிலைப்பதில்லை.

யாருக்கு இந்த அறுவை என்பதை ‘உடல் நிறை எண்’ தீர்மானிக்கிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 40ஐயும், நீரிழிவு போன்ற நோய் உடனிருந்தால் 35ஐயும் எல்லையாக வைத்தது. 2008 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கூடிய ஆசிய வல்லுநர்கள், ஆசிய உடலுக்கு அவ்வெல்லை மிக அதிகம் என்று கூறித் தாழ்த்தப் பரிந்துரைத்தனர். 2022இல் வெளிவந்த உலகளாவிய புதிய நெறிமுறை, ஆசியருக்கு 27.5க்கு மேலேயே அறுவையைக் கருதலாம் என்கிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 35 என்பது ஏறத்தாழ 90 கிலோ, 27.5 என்பது 70 கிலோ. இந்தத் தாழ்வு மருத்துவ நோக்கில் ஏற்கத்தக்கதே; ஆனால் 70 கிலோ எடை உழைக்கும் ஊர்களில் அரிதான எடையன்று என்பதால், கத்தியின் வட்டத்துக்குள் வரக்கூடியோர் எண்ணிக்கை சட்டெனப் பெருகுகிறது என்பதையும் மறக்கலாகாது.

தென்னிந்தியாவில் இதற்கு வழிதிறந்தது சிறுதுளை வழிக் கருவி அறுவை, அதாவது லேப்ராஸ்கோப்பி. கோயம்புத்தூரில் மருத்துவர் சி. பழனிவேலு 1991 வாக்கில் அம்முறையைத் தொடங்கிய பிறகு, அந்நகரமும் சென்னையும் அதன் பயிற்சிக்களங்களாயின; 2002இல் இந்திய அளவில் உடற்பருமன் அறுவையாளர்களின் சங்கமும் அமைந்தது. விருதுநகர், சிவகாசி மக்களுக்குப் பெரிய மருத்துவம் என்றால் நெடுங்காலமாக மதுரைதான். எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பழம்பெயர் கொண்ட அரசு இராசாசி மருத்துவமனைக்கும், பின்னர் எழுந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் அவர்கள் பேருந்தேறினர். விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் வந்தது. செலவைத் தாங்குவது யார் என்ற கேள்விக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஓரளவு விடை தந்தது: 18 வயது நிரம்பி, உடல் நிறை எண் 40, அல்லது கட்டுக்கடங்காத நீரிழிவு, கடும் உறக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவற்றோடு 35 இருந்தால், எடைக் குறைப்பு என்ற காரணத்தைக் காட்டி மட்டும் மறுக்கும் விதிவிலக்கு பொருந்தாது. மருத்துவ நெறி 27.5 என்று இறங்கிவிட, காப்பீட்டு நெறி 35இல் நிற்பதால், இடைப்பட்டோர் நகையையும் சேமிப்பையும் நம்ப வேண்டியிருக்கிறது.

அறுவைக்கு ஆயத்தமாவது சில வாரங்கள் அல்லது மாதங்கள் பிடிக்கும் காரியம். இரத்தப் பரிசோதனை, உள்நோக்கிக் கருவியால் இரைப்பை ஆய்வு, உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற சோதனை, மனநல மதிப்பீடு, உணவியலாளரின் ஆலோசனை ஆகியவற்றைக் கடந்து, இறுதி ஓரிரு வாரங்கள் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவில் இருக்க வேண்டும். வீங்கிய கல்லீரல் சுருங்கினால்தான் கருவிகள் இரைப்பையை எளிதில் அடையும். புகை அறவே கூடாது. நன்கு நடக்கும் மருத்துவமனைகளில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஓரிருவர் என்ற அளவில் இருந்தாலும், அது இல்லாமலில்லை. 2024இல் சென்னைப் புறநகர் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்த அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும் மாநில சுகாதாரத் துறை விசாரணையில் இறங்கியது.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கைதான் இந்த வட்டாரத்தின் வழக்கங்களோடு நேருக்கு நேர் மோதுகிறது. முதல் இரண்டு வாரங்கள் திரவ உணவு, அடுத்து மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாக ஏறினாலும், ஒரு வேளை உணவு பிடியளவைத் தாண்டாது. அந்தப் பிடிக்குள் முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று புரதம் நுழைய வேண்டும், சோறு கடைசியில்தான். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் என்பது, சோற்றைக் குழம்பால் நனைத்து உண்டு பழகிய வீட்டில் சமையலின் வரிசையையே மாற்றச் சொல்வதாகும். தண்ணீரை உணவோடு சேர்த்துக் குடிக்கலாகாது, ஒரே மூச்சில் குடிக்கவும் முடியாது. நாள் முழுதும் மிடறுமிடறாகக் குடித்தால்தான் நீர்ச்சத்து நிற்கும். சித்திரை வெயிலில் பட்டாசு அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது சிறு சங்கடமன்று: வெடிமருந்து படிந்த கையோடு குப்பியைத் தொடலாகாது என்பதால், ஒவ்வொரு மிடறுக்கும் கைகழுவி வெளியே வர வேண்டும், எண்ணிக்கைக் கூலி அதற்குக் காத்திருக்காது. பால்கோவா போன்ற கடும் இனிப்பு, குறிப்பாகப் பைபாஸ் செய்தோருக்கு, சிறுகுடலில் வேகமாக இறங்கிப் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தருவதை மருத்துவர்கள் ‘டம்பிங்’ என்கின்றனர்.

விருந்தில் இலையை மூடுவதும் ஒரு சமூகச் செயல். மறுசோறு வேண்டாமென்பவரை விருந்தளிப்போர் மும்முறை வற்புறுத்துவது மரியாதையாகவும், இரண்டு கவளத்தில் எழுவது அவமதிப்பாகவும் கருதப்படும் ஊரில், அறுவையை வெளியே சொல்லாதவர், குறிப்பாக மணமாகவிருக்கும் பெண், ஒவ்வொரு பந்தியிலும் ஒரு காரணம் தேட நேர்கிறது. மூன்றாம் மாதம் முதல் சில மாதங்கள் முடி உதிர்வதும், தொங்கும் தோலும், பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்ற அறிவுரையும் இந்த மறைப்பை மேலும் கடினமாக்குகின்றன.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகிய மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுதும் வேண்டியவை. ஏற்கெனவே பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ள மாநிலத்தில், இரும்பை உள்வாங்கும் பாதையையே சுருக்குவது எத்தகைய பொறுப்பு என்பதை விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை; அவை முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களோடு நின்றுவிடுகின்றன. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைந்ததை 2007இல் நிறுவியது உண்மை. ஆனால் அந்த நாட்டில் நோயாளியைப் பல்லாண்டு பின்தொடர ஒரு பொது மருத்துவ அமைப்பு இருந்தது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுன்ஜாரோ, வெகோவி ஆகிய ஊசிமருந்துகள் சிலருக்கு அறுவையைத் தவிர்க்க உதவக்கூடும், எனினும் நிறுத்தினால் எடை திரும்புவதால் அவையும் நெடுங்காலக் கண்காணிப்பையே கேட்கின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அறுவை செய்துகொண்டோரின் பி12 அளவையும் இரும்பையும் அதே பட்டியலில் சேர்ப்பது இயலாத காரியமன்று. பள்ளிக்குப் பிடி அரிசி சேர்த்த வட்டாரம், மிகுதியால் வந்த நோயைத் தனி மனிதரின் வெட்கமாகவும் தனி மனிதரின் கடனாகவும் விட்டுவிட்டது; அது முறையன்று. அந்த நிலை மாறும் வரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் ஒவ்வொருவரும், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் தமது இரத்தப் பரிசோதனையைப் பார்க்கப்போகும் மருத்துவர் யார், அவர் எந்த ஊரில் இருப்பார், அதற்கு என்ன செலவாகும் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.