தோம்பும் உறுதியும்

கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் தோம்பேடுகளும் எழுதினார்கள். குடியானவர் பெயர், மனைவி மக்கள், காணி, அதில் நின்ற தென்னை, பலா வரை பதிந்தார்கள். தென்னிலங்கையில் பலர் அவற்றைக் கொண்டே வம்சம் தேடுகிறார்கள்.

புத்தளம் தில்லையடியில் எங்களிடம் இருப்பது காணி உறுதிக் கட்டு மட்டுமே. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார் முசலியில் வயல் செய்த வாப்பா அதை உம்மாவின் சீலையில் சுற்றி எடுத்துவந்தார். மடிப்பெல்லாம் கிழிந்த தாள்; முத்திரை மங்கிவிட்டது. எல்லைகள் மட்டும் தெளிவு: வடக்கே வாய்க்கால், கிழக்கே மையவாடி. விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பன் என்று மூன்று தலைமுறை அதிலேயே கிடைத்தது. எந்த ஏட்டையும்விட எனக்கு இது பெரிது. அதற்கு முந்திய பெயர்களை மூத்தம்மாவிடம் கேட்டு எழுதிவருகிறேன்; பெண்களின் பெயர்களையும் விடாமல்.