வேலிப் பொட்டும் கிணற்றடியும்: பிள்ளைகளின் தனி இடங்கள்

கோப்பாயின் பழைய வளவுகளில் பெரியவர்கள் பெயர் வைக்காத இடங்கள் பல உண்டு. கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிழல், விறகு அடுக்கிய கொட்டிலின் மூலை, அயல் வளவுக்குப் போக வேலியில் விட்ட பொட்டு. சிரட்டையில் மண்சோறு ஆக்குவது அங்கேதான். அடி வாங்கிய பிள்ளை போய்க் குந்தியிருப்பதும் அங்கேதான். அம்மா கூப்பிட்டால் கேட்கும், ஆனால் அவள் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தூரம்தான் முக்கியம்.

இதை ஊன்றி ஆராய்ந்தவர்களில் ஒருவர் றொஜர் ஹார்ட். 1970களில் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலச் சிற்றூரொன்றில், பிள்ளைகள் தனியே எவ்வளவு தூரம் போகிறார்கள், எந்த இடங்களை விரும்புகிறார்கள் என்று பதிந்தார். பெண்பிள்ளைகளுக்கு விடப்பட்ட தூரம் குறைவு என்று கண்டார். (எங்கள் ஊர்களுக்கு இது புதினமில்லை.) டேவிட் சோபல் இங்கிலாந்தின் டெவனிலும் கரிபியன் தீவான கரியகூவிலும் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப்படம் கீறுவித்து, 1993இல் நூலாக்கினார். ஐந்தாறு வயதில் படத்தின் நடுவில் வீடு நிற்கும். வயது ஏற ஏற வீடு சிறுத்து, மறைவிடங்கள் படத்தை நிறைக்கும்.

அந்தப் படங்களில் பங்கர் இல்லை. இங்கே பங்கரும் விளையாட்டிடமாக இருந்தது.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது கோப்பாயும் நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பலர் திரும்பினர். இழப்புக் கணக்கில் கூரை வரும், கதவு வரும், பூவரசடி வராது. அன்று ஆறு வயதாக இருந்தவர்களிடம் இன்று கேட்டாலும், வீட்டுக்கு முன்னர் அந்த மரத்தைத்தான் சொல்வார்கள். 1990இல் வெளியேறிய வலிகாமம் வடக்கு மக்களில் பலருக்கு இருபது ஆண்டுகள் கடந்தும் திரும்ப வழியிருக்கவில்லை. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு ‘எங்கட வளவு’ என்பது அம்மம்மா சொன்ன கதை.

இப்போது இழப்பு வேறு வழியில் வருகிறது. கிடுகு வேலி போய் மதில் எழும்புகிறது, முற்றம் சீமெந்தாகிறது. கிடுகு மாற்றும் செலவையும் ஆள் தட்டுப்பாட்டையும் பார்த்தால் மதிலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மதிலில் பொட்டு விட முடியாது. கட்டுகிறவர்கள் பின்வளவில் ஒரு மூலையை மண்ணாகவே விடலாம், ஒரு மரத்தைத் தறிக்காமல் வைக்கலாம். கிணற்றுக்கு மூடி போடுங்கள். டெங்குக் காலத்தில் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், எறிந்துவிட வேண்டாம்.